ஆடுமுன் பதமாகும் உடல்: தஞ்சைச் சதிர் மரபில் உடல் ஆயத்தமும் காயத் தவிர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

உடற்பயிற்சிக்கு முன் தசைகளை நீட்டி உடலைப் பதப்படுத்துவது காயத்தைத் தடுக்கும் என்ற கருத்து இன்று நடன வகுப்புகளிலும் வேரூன்றியுள்ளது. இது மேனாட்டு இறக்குமதி என ஒரு சாராரும், நம் மரபில் தொன்றுதொட்டு இருந்ததே என மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். தஞ்சாவூரை நடுவாகக் கொண்டு வளர்ந்த சதிராட்ட மரபின் கல்வெட்டு, சிற்பம், நூல், பயிற்றுமுறை ஆகிய நால்வகைச் சான்றுகளையும் வைத்து இவ்விரு கூற்றுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தஞ்சை மரபில் உடல் ஆயத்தம் பயிற்சிக்கு முன்னுள்ள தனிப்பகுதியாக அமையவில்லை. பாடவரிசை, கால அளவு, நாள்தோறும் பயிலும் ஒழுங்கு ஆகியவற்றுக்குள் கரைந்திருந்தது. அவ்வொழுங்கு குலைந்த 20ஆம் நூற்றாண்டிலேயே தனித்த ஆயத்தப் பயிற்சி தேவையாயிற்று என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சதிர், அடவு, அரைமண்டி, அலாரிப்பு, கரணம், தளிச்சேரிப் பெண்டுகள், தசைநீட்சி.

முன்னுரை

பரதநாட்டிய வகுப்பு தொடங்குமுன் மாணவியர் கழுத்து, தோள், இடுப்பு, தொடை, கணுக்கால் ஆகியவற்றை நீட்டியும் சுழற்றியும் சில நிமிடங்கள் பயில்வது இன்று பரவலான வழக்கம். இதனை ஏற்காத மூத்த ஆசிரியர்களும் உள்ளனர். அடவே பயிற்சி, அதற்கு முன் வேறொரு பயிற்சி எதற்கு என்பது அவர்தம் கேள்வி. இதற்கு மறுமொழி கூறுவோர் பெரும்பாலும் பெரிய கோயிலின் கரணச் சிற்பங்களைக் காட்டி, வளைவும் நீட்சியும் முன்னோர் அறிந்தவையே என்பர்.

இரு தரப்பினரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். ‘ஆயத்தப் பயிற்சி’ என்ற இக்காலப் பகுப்பை எடுத்துக்கொண்டு அது பண்டு இருந்ததா, இல்லையா என்று தேடுகின்றனர். வரலாற்று நோக்கில் கேட்கத் தக்க வினா வேறு. உடலையே பிழைப்பாகக் கொண்ட ஒரு கலைமரபு அவ்வுடலை நெடுங்காலம் கெடாமல் வைத்திருக்க எவ்வகை ஏற்பாடுகளைச் செய்தது? அவ்வேற்பாடுகள் எப்போது, எதனால் குலைந்தன? இவ்வினாவுக்கான விடை மாணவியரின் முழங்காலையும் இடுப்பையும் பொறுத்தது. ஆதலின் இதனைப் பழம்பெருமை பற்றிய விவாதமாக மட்டும் கொள்ளலாகாது.

கல்வெட்டு: பங்கும் தகுதியும்

முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சையில் எடுப்பித்த இராசராசேச்சரத்தின் கல்வெட்டு, சோழமண்டலத்துத் தளிகள் பலவற்றிலிருந்து கொணர்ந்து கோயிலைச் சூழ்ந்த தளிச்சேரிகளில் குடியமர்த்தப்பட்ட 400 பெண்டுகளைப் பெயர், ஊர், வீட்டு வரிசையுடன் குறிக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆட்டைக்கு 100 கலம் நெல் விளையும் ஒரு பங்கும் உரியன. நட்டுவம் செய்வோர்க்கு இரண்டு பங்கு. அந்நெல்லை அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயர். காவிரிப் படுகையின் நெல்லும் ஆடும் உடலும் ஒரே கணக்கில் பிணைக்கப்பட்டிருந்தன.

இக்கல்வெட்டின் வாரிசு விதி நம் நோக்கில் கருதத் தக்கது. பங்குடையார் இறந்தாலோ ஊர்விட்டுப் போனாலோ அவர்தம் நெருங்கிய உறவினர் அப்பணியையும் நெல்லையும் பெறலாம். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பணி செய்வித்து நெல்லைப் பெறலாம். இங்குத் ‘தகுதி’ என்பது கலைப்பயிற்சி முழுவதையும் சுட்டும். உடல்நலம் ஒன்றையே குறிப்பதாகக் கொள்ளலாகாது. எனினும் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, ஆடல் என்பது சில ஆண்டு ஆர்வமாக இன்றி வாழ்நாள் பணியாக, குடும்பத்தின் உடைமையாக இருந்தது. இரண்டாவது, பணி செய்ய இயலும் ஆளைத் தொடர்ந்து ஆயத்தமாக வைத்திருப்பது பங்குடைய குடும்பத்தின் பொறுப்பாக இருந்தது. இத்தகைய அமைப்பில் உடலை விரைந்து தேய்த்துவிடும் பயிற்றுமுறை குடும்பத்தின் நலனுக்கே எதிரானதாகும்.

சிற்பம்: கரணங்களைப் படிக்கும் முறை

அக்கோயிலின் விமானத்து மேல்தளச் சுற்றில் 108 கரணங்களுக்கு இடம் ஒதுக்கி, 81 மட்டும் செதுக்கப்பட்டு, எஞ்சிய 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. தலைக்கு மேல் எழும் காலும் பின்வளையும் முதுகும் கொண்ட கரணங்கள் நாட்டியசாத்திரப் பட்டியலில் உண்டு. இவற்றை நீட்சிப் பயிற்சியின் பண்டைச் சான்றாகக் காட்டும் வழக்கம் இதனால் எழுந்தது.

இவ்வாறு கொள்வதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உள்ளது. நாட்டியசாத்திரம் கரணத்தைக் கையும் காலும் இயைந்து இயங்கும் அசைவாக வரையறுக்கிறது. கரணங்கள் உறைந்த நிலைகள் அல்ல, அசைவுகளே என்பதைப் பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வாலும் ஆடலாலும் வலியுறுத்தினார். சிற்பி கல்லில் பிடித்தது அவ்வசைவின் ஒரு கணத்தை மட்டுமே. அக்கணத்தை வந்தடைந்த வழியும், அதிலிருந்து மீண்ட வழியும் கல்லில் இல்லை. காயத் தவிர்ப்புக்கு இன்றியமையாதவை அவ்விரண்டுமே. ஆகவே கரணச் சிற்பம் உடல் எதனை எட்டியது என்பதற்குச் சான்றாகுமேயன்றி, எவ்வாறு எட்டியது என்பதற்குச் சான்றாகாது. சிற்பத்தைப் பார்த்து அந்நிலையில் உடலை நிறுத்த முயலும் மாணவி, அசைவாக இருந்த ஒன்றை அசையா இழுவையாக மாற்றிவிடுகிறாள்.

நூல்: நெய்ப்பு, தரை, உணவு, ஓய்வு

எவ்வாறு எட்டியது என்பதற்கான நேரடிக் குறிப்பு நூல்களில் கிடைக்கிறது. நாட்டியசாத்திரம் சாரிகளை விளக்கும் இயலின் இறுதிப் பகுதியில் ‘வியாயாமம்’ பற்றித் தனியே பேசுகிறது. எள்ளெண்ணெயாலோ வாற்கோதுமைக் கஞ்சியாலோ உடலைத் தேய்த்துக்கொண்ட பின் பயில வேண்டும். தரையே பயிற்சிக்குத் தாய், ஆதலின் தரையில் உடலைப் பரப்பிப் பயில வேண்டும் என்பன அதன் அறிவுரைகள். வலிமை உணவைச் சார்ந்தது, பயிற்சி வலிமையைச் சார்ந்தது என்று அடுத்துக் கூறுகிறது. மிகக் களைத்தவர், பசித்தவர், தாகமுற்றவர், அளவுமீறி உண்டவர், குடித்தவர் ஆகியோர் பயிலலாகாது என்று விலக்கும் வகுக்கிறது.

இப்பகுதி தசைநீட்சியை ஒரு தனி உத்தியாகப் பரிந்துரைக்கவில்லை என்பது கருதத் தக்கது. உடலின் நெய்ப்பு, பயிலும் இடம், உணவு, களைப்பின் அளவு ஆகிய சூழல் முழுவதையும் அது காயத் தவிர்ப்பின் களமாகக் காண்கிறது. ஆயுர்வேத நூலாகிய அட்டாங்க இருதயமும் ஒருவர் தம் வலிமையில் பாதியளவே உடற்பயிற்சியில் செலவிட வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. ‘எவ்வளவு’ என்பதே இவ்விரு நூல்களின் கவலை.

தமிழ் நூல் மரபு ‘எத்தனை காலம்’ என்ற வினாவுக்கு விடை தருகிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழன் அவையேறுகிறாள். அவளது ஐந்தாம் அகவையில் தொடங்கிய இப்பயிற்சியை அடியார்க்குநல்லார் உரை தண்டியம் பிடித்தல் என்னும் சடங்கோடு இணைக்கிறது. காப்பியச் செய்தியை எல்லா ஆடல்மகளிர்க்கும் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. ஆயினும் உடல் உருவாக நெடுங்காலம் வேண்டும் என்ற கருத்து இலக்கிய மரபில் நிலைபெற்றிருந்ததை இது காட்டும்.

பயிற்றுமுறை: அடவு வரிசையும் மூன்று காலமும்

இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தில் தஞ்சை அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரே இன்றைய கச்சேரி முறையையும் அடவுப் பாடத்தையும் ஒழுங்குபடுத்தினர் என்பது மரபு. அவர்கள் வழிவந்த நட்டுவனார் குடும்பங்கள் வழியாகவே இப்பாடவரிசை நமக்குக் கிடைத்துள்ளது. பாணிக்குப் பாணி வேறுபாடுகள் உண்டெனினும் பொதுப்போக்கு ஒன்றே.

முதலில் தட்டடவு. கைகளை இடுப்பில் வைத்து, அரைமண்டியில் அமர்ந்து, முழுப் பாதத்தால் தரையைத் தட்டுவது. இதில் உடலின் மேற்பகுதிக்கு வேலை இல்லை. தொடையும் இடுப்பும் மட்டும் சுமையேற்கின்றன. அடுத்து வரும் நாட்டடவில் கால் பக்கவாட்டிலும் முன்னும் நீண்டு குதிகாலால் ஊன்றப்படுகிறது. தொடையின் பின்தசையும் கெண்டைக்கால் தசையும் இங்கு நீளுகின்றன. ஆனால் அந்நீட்சி தாளத்தோடு நிகழ்ந்து அடுத்த தட்டில் மீள்கிறது. பின்னரே முன்பாதத்தில் எழுந்து குதிகாலை இறக்கும் அடவுகளும், குதித்தலும், முழுமண்டியில் அமர்ந்தெழும் மண்டியடவும் வருகின்றன. முழங்காலுக்கு மிகுந்த சுமை தரும் மண்டியடவு வரிசையின் பிற்பகுதியில் இருப்பது தற்செயல் அன்று.

இவ்வரிசையின் ஒவ்வொரு படியிலும் மூன்று காலம் என்னும் மற்றோர் ஒழுங்கு அமைகிறது. முதற்காலத்தில் ஒரு தட்டு விழும் இடத்தில் இரண்டாம் காலத்தில் இரண்டும் மூன்றாம் காலத்தில் நான்கும் விழும். முதற்காலம் செம்மைப்படாமல் அடுத்த காலத்துக்குப் போகலாகாது என்பது ஆசிரியர் மரபு. இதனை இசைப்பயிற்சியின் கணக்காகவே பெரிதும் விளக்குவர். உடலின் நோக்கில் பார்த்தால் இது சுமையைப் படிப்படியாகக் கூட்டும் கணக்காகும். நாள்தோறும் பாடம் தட்டடவின் முதற்காலத்தில் தொடங்கும்போது, உடல் தன் கடுமையான வேலைக்கு முன் மெல்ல வெப்பமேறுகிறது. தனியே ஓர் ஆயத்தப் பகுதி ஏன் இல்லை என்ற வினாவுக்கு விடை இதுவே: பாடத்தின் தொடக்கமே ஆயத்தம்.

அதற்காக இம்மரபை வலியற்றதாகக் கற்பனை செய்துகொள்ளலாகாது. அரைமண்டி தளர்ந்த மாணவியின் காலை நோக்கித் தட்டுக்கழி பறந்த கதைகள் பல பரம்பரைகளிலும் வழங்குகின்றன. மேலும், இடுப்பு மூட்டு இயல்பாகத் திரும்பும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அது போதாதபோது பாதத்தை மட்டும் வலிந்து வெளித்திருப்பினால், அத்திருகல் முழங்காலையும் உட்பாதத்தையும் தாக்கும். அடவு வரிசை சுமையைக் கட்டுப்படுத்தியதேயன்றி, ஒவ்வோர் உடலின் வேறுபாட்டுக்கும் இடம் கொடுத்ததென்று கூறவியலாது. அதற்கு இடம் கொடுத்தது ஆசிரியரின் கண். கொடுக்கத் தவறியதும் அதுவே.

அலாரிப்பு: அரங்கிலேயே ஆயத்தம்

வகுப்பில் தட்டடவு செய்ததைக் கச்சேரியில் அலாரிப்பு செய்கிறது. கால்களை இணைத்து நேராக நின்று, கண், கழுத்து, தோள், கை என உறுப்புகள் ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கி, பின்னர் மண்டியில் தாழ்ந்து எழுந்து, உடல் முழுவதும் அசைவில் இணைகிறது. சிறு மூட்டிலிருந்து பெரு மூட்டுக்கும், நின்ற நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கும் செல்லும் இவ்வரிசை உடலியல் ஒழுங்குடையது.

இதனை நம் காலத்து ஆய்வாளர் ஏற்றிக் கூறும் பொருள் என ஒதுக்கவியலாது. தஞ்சை அரசவையோடு தொடர்புடைய இசைக் குடும்பத்தில் பிறந்து, நால்வர் வழிவந்த கந்தப்பப் பிள்ளையிடம் பயின்ற த. பாலசரசுவதி (1918–1984), 1975-இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் கச்சேரி முறையைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டார். அவ்வுரையில், அலாரிப்பின் அசைவுகள் ஆடுபவரின் உடலைத் தளர்த்தி, அதன்வழி மனத்தையும் தளர்த்தி, உறுப்புகளை இயைவித்து அவரை ஆடலுக்கு ஆயத்தம் செய்கின்றன என்ற கருத்தையும் முன்வைத்தார். மரபுக்குள் வாழ்ந்து ஆடிய ஒரு பெண்ணின் கூற்று இது. நூல்களை எழுதியோர் ஆடவர். உடலறிவைத் தம் உடலில் வைத்திருந்தோர் பெண்கள். உடல் ஆயத்தம் பற்றிய வரலாற்றுக்கு இவ்விரண்டாம் வகைச் சான்றே முதன்மையானது.

பாலசரசுவதி தம் ஏழாம் அகவையில், 1925-இல், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். ஏழாண்டுப் பயிற்சி என்ற காப்பியக் கணக்கினும் இது குறைந்த காலமே. எனவே மரபின் பாதுகாப்பு ஆண்டுகளின் எண்ணிக்கையில் மட்டும் இருந்ததாகக் கொள்ளலாகாது. நாள்தோறும் இடையறாது பயில்வதும், ஒரே ஆசிரியரின் பார்வையில் வளர்வதும் அப்பாதுகாப்பின் கூறுகளாயின.

ஓர் ஒப்பீடு: கேரளக் கலைகள்

அண்டைக் கேரளத்தின் களரிப்பயிற்றும் கதகளியும் வேறு வழியை மேற்கொண்டன. அங்கு உடலைப் பதப்படுத்தல் தனித்த, பெயருடைய பாடமாகும். களரியில் ஆயுதம் எடுக்குமுன் மெய்ப்பயிற்று உண்டு. கதகளி மாணவர் மழைக்காலத்தில் எண்ணெய் பூசி மெய்ப்பயிற்சி செய்வதும், ஆசிரியர் காலால் மிதித்து உழிச்சில் செய்வதும் 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலத்திலும் தொடர்ந்தன. நாட்டியசாத்திரம் கூறிய நெய்ப்பும் தரையும் அங்கு நிறுவன வடிவம் பெற்றன எனலாம். தஞ்சை மரபிலோ அதே நோக்கம் பாடவரிசைக்குள் அடங்கியது. தனிப்பெயர் பெற்ற ஆயத்தம் புதிய நிறுவனத்துக்குள் எளிதில் பெயர்ந்து செல்கிறது. வரிசைக்குள் கரைந்த ஆயத்தம் அவ்வரிசை சுருங்கும்போது உடன் மறைகிறது. தஞ்சையில் நிகழ்ந்தது இரண்டாவது.

ஒழுங்கின் முறிவு

1930களில் சதிர் பரதநாட்டியம் என்ற பெயருடன் நகர மேடைக்கு வந்தது. பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1869–1954) பயின்ற ருக்மிணி தேவி 1935 இறுதியில் அடையாற்றில் ஆடினார். 1936-இல் கலாசேத்திரம் தோன்றியது. 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் சமூக நியாயமும், மரபுவழிப் பெண்கள் மேடையை இழந்த வரலாறும் தனியே விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நம் பொருளுக்கு வேண்டுவது ஒன்றே: ஆடலறிவு வீட்டை விட்டு வகுப்பறைக்குச் சென்றது.

முழுநேர நிறுவனங்களில் நாள்தோறும் அடவு பயிலும் ஒழுங்கு பெருமளவு காக்கப்பட்டது. பெரும்பான்மை மாணவியர் பயில்வதோ பகுதிநேர வகுப்புகளில். வாரத்தில் ஓரிரு நாள், பள்ளியில் நெடுநேரம் அமர்ந்திருந்துவிட்டு வந்து, ஒருமணி நேரத்தில் பாடம் முடிய வேண்டும். நேரம் போதாமையால் முதற்காலம் சுருங்கி, உருப்படி முந்துகிறது. அரங்கேற்றம் நெருங்கும் மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மணியாக இருந்த ஆடல் திடீரென நாளுக்கு இரண்டு மணியாகிறது. கடினத் தரையை மட்டும் குறைகூறல் பொருந்தாது. சதிராடிய பெண்கள் கோயிற் கருங்கல்லிலும் ஆடினர். மாறியது தரையினும் சுமை ஏறும் வேகமே.

இன்றைய ஆய்வுகளும் மரபும்

இம்முடிவு உடற்பயிற்சி அறிவியலின் அண்மைக்காலப் போக்கோடு ஒத்துச் செல்கிறது. தசையின் வெப்பம் உயர்வதால் செயல்திறன் கூடுகிறது என்பதை டென்மார்க்கின் அஸ்முசன், போயே ஆகியோர் 1945-இலேயே காட்டினர். அசையாது நின்று தசையை நீட்டுவது காயத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு அத்தகைய வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. 2000-இல் வெளியான ஆய்வொன்றில் ஆத்திரேலியப் படையில் புதிதாகச் சேர்ந்த 1538 பேர் இரு பிரிவாகப் பயின்றனர். இரு பிரிவினரும் உடலை வெப்பமேற்றினர். ஒரு பிரிவினர் மட்டும் தசைநீட்சியும் செய்தனர். காய அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உடற்தகுதி குறைந்தோரே மிகுதியும் காயமுற்றனர். 2008-இல் நார்வேயின் இளம்பெண் கால்பந்து வீராங்கனையர் 1892 பேரிடையே நடந்த ஆய்வில், ஓட்டம், வலிமை, சமநிலை, குதித்தல் ஆகியவை படிப்படியாக அமைந்த ஆயத்தப் பயிற்சி, மொத்தக் காயங்களையும் கடுமையான காயங்களையும் குறைத்தது.

படைவீரர், கால்பந்தாட்டக்காரர் பற்றிய முடிவுகளை ஆடல்மகளிர்க்கு அப்படியே பொருத்தலாகாது. ஆடலுக்கு மூட்டின் வீச்சு தேவை; அதனை வளர்க்க நீட்சியும் தேவை. ஆனால் வீச்சை வளர்க்கும் நீட்சியும் ஆடுமுன் செய்யும் ஆயத்தமும் வெவ்வேறு. முன்னது உடல் வெப்பமேறிய பின், வகுப்பின் முடிவில், நெடுநாளில் செய்யத் தக்கது. பின்னது அசைவோடும் மெல்லக் கூடும் வேகத்தோடும் அமைய வேண்டும். தட்டடவின் முதற்காலமும் அலாரிப்பும் பின்னதன் இலக்கணத்துக்கு நெருங்கியவை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. தஞ்சைக் கரணச் சிற்பங்கள் ஆயத்தப் பயிற்சிக்கு நேரடிச் சான்றாகா. அவை அசைவின் உச்சத்தைக் காட்டுவனவேயன்றி அதனை எட்டும் வழியைக் காட்டுவன அல்ல.

2. நாட்டியசாத்திரத்தின் வியாயாமப் பகுதி நெய்ப்பு, தரை, உணவு, களைப்பு ஆகியவற்றைக் கருதுகிறது. காயத் தவிர்ப்பை ஓர் உத்தியாகக் கொள்ளாமல் ஒழுங்காகக் கொள்கிறது.

3. அடவு வரிசை, மூன்று காலம், அலாரிப்பு ஆகியவை உடல் ஆயத்தத்தைப் பயிற்சிக்குள்ளேயே அடக்கியிருந்தன. இதற்கு மரபில் வாழ்ந்த ஆடல்மகளின் வாய்மொழியும் துணைநிற்கிறது.

4. பகுதிநேர வகுப்பும் விரைந்த அரங்கேற்றமும் அவ்வொழுங்கைக் குலைத்தமையால் தனித்த ஆயத்தப் பயிற்சி தேவையாயிற்று. ஆதலின் அதனை அந்நியமானதென ஒதுக்குவதும், பழமையானதென நிறுவ முனைவதும் பொருந்தா.

வகுப்பின் முதல் பத்து நிமிடம் நீட்சிக்கா, தட்டடவுக்கா என்று இன்றைய ஆசிரியர் கேட்பாராயின், தஞ்சை மரபு தரும் விடை தட்டடவின் முதற்காலம் என்பதே. ஆனால் அம்மரபு அவ்விடையோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே தருகிறது: நாளையும் மறுநாளும் அந்த முதற்காலத்திலிருந்தே தொடங்க வேண்டும். நிபந்தனையை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொண்டால், மரபின் பெயரால் காயம் நேரும்.